பார்வையாத்தா பார்க்கும் பக்கம்

"இந்த ஆளு வர்றதா இருந்தா நான் இப்பிடியே திரும்பிப் போயிடறேன்!"

செம்மேட்டுப்பதி வனச்சாவடியில் நின்றுகொண்டு கோகிலவாணி இப்படிச் சொன்னபோது காலை மணி ஆறரை. தடுப்புக் கம்பத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பைக்கை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆத்தா கோயிலுக்கு யாரு வேணாலும் போலாம். மாசியில பத்து நாள் கேட்டைத் திறந்து விடறாங்க. நானும் பேர் எழுதியாச்சு" என்றார்.

"ஒம்பது வருசமாத் திறக்கறாங்க. இப்பத்தான் பக்தி பொங்குதாக்கும்?"

"சந்தையில நீ இவங்க கழுத்தையே பாத்துட்டு நின்னியே, அதை நானும்தான் பாத்தேன்."

நடுவில் நின்ற மாகாளி தன் கழுத்தை ஒரு கையால் மூடிக்கொண்டாள். நாற்பது வயது. மலையடிவாரத்துப் பட்டிக்காரி. வருஷத்தில் ஆறு மாசம் மாடுகளோடு காட்டில் இருப்பவள். பேச்சுக்கு மனிதர் கிடைத்தால் விடமாட்டாள்.

"ரெண்டு பேரும் என்ற கழுத்தைப் பாத்துத்தான் வந்தீங்களா? என்ற ஊட்டுக்காரரு இருபது வருசமா ஏறெடுத்தும் பாக்கலீங்! சண்டையை மேல போய்ப் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள கீழ இறங்கலீன்னா ஃபாரஸ்ட் கார்டு என்னையத்தான் வைவாரு."

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் பின்னால் நடந்தார்கள், நடுவில் பத்தடி இடைவெளி விட்டு.

மாகாளியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கியது ஒரு பழைய வெள்ளிக் காசு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு கையில் நீளக் கோல், இன்னொரு கையில் இலைக்கொத்து. செம்மேட்டுப்பதியில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் இந்தக் காசைப் போடுவார்கள். அவர்களுக்கு அவள் பார்வையாத்தா. ரோமாபுரிக் காசு என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்தக் காசைத் தேடித்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோகிலவாணியின் அண்ணன் மருதாசலம் இந்த மலையில் ஏறினான். இறங்கி வரவில்லை.

மருதாசலமும் நாச்சிமுத்துவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பொள்ளாச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் இரண்டு பேருமாகப் பழங்காசுக் கடை போட்டார்கள். மலைமேல் ஆத்தா கோயிலாக இருக்கும் ஒரு குகையில் காசுகள் சுவர் முழுக்க இருக்கின்றன என்று மருதாசலத்துக்குத் தகவல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவதாகப் பேச்சு. மருதாசலம் சனிக்கிழமையே தனியாகப் போய்விட்டான். போலீஸ் ஒரு வாரம் தேடியது. அந்தப் பக்கம் இறங்கினால் கேரளா. அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது. புதையலோடு ஓடிப்போய்விட்டான்!

அதை முதலில் சொன்னது நாச்சிமுத்துதான்.

அதற்கப்புறம் கோகிலவாணி கயிறு மில்லுக்குப் போவாள், வருவாள். அவ்வளவுதான் அவள் வாழ்க்கை. கல்யாணப் பேச்சு ஒன்று வந்து, ஓடிப்போனவன் தங்கை என்று நின்றது. தெருவில் விசேஷம் என்றால் அவள் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் பத்திரிகை வைப்பார்கள். நாள் முழுக்க மில்லில் மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் அந்தச் சத்தம் மட்டும் மிச்சமிருக்கும். பழைய போன் நம்பரை அவள் மாற்றவே இல்லை. அந்த நம்பர் ஒன்றுதான் அண்ணனுக்கு மனப்பாடம். அது அடிக்கவும் இல்லை.

உயிரோடு இருக்கிறானா? இருந்தால் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? இல்லையென்றால் எங்கே கிடக்கிறான்? இந்த ஒன்று தெரிந்தால் போதும் என்றுதான் அவள் வந்தாள். முப்பத்தைந்து வயதில் முதல்தடவையாக ஒரு மலையில் ஏறுகிறாள்.

ஏற்றம் சும்மா இல்லை! முதல் ஒரு மணி நேரம் மூங்கில் காடு. அப்புறம் உருண்டைக் கல்லாகக் கிடந்த ஓடை. மாகாளி ஆடு மாதிரித் தாவிப் போய்விட்டாள். நாச்சிமுத்து பாசிக்கல்லில் கால் வைத்தார். சர்ரென்று வழுக்கியது! கீழே கழுத்தளவு மடுவில் விழுந்தார். கோகிலவாணி யோசிக்கவே இல்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள்.

அவர் இருமினார். "விட்டிருக்கலாமில்ல?"

"விட்டா, உங்களையும் ஓடிப்போயிட்டாருன்னு சொல்லுவாங்க."

மாகாளி சிரித்தாள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், கோகிலா. 'நீ படு, ஞாயித்துக்கிழமை போலாம்'னான். ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சு ரெண்டு பேருக்கும் கட்டுச்சோறு கட்டிட்டு அவனுக்காக உக்காந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். உனக்கு அண்ணன் போனான். எனக்கு யாரு போனாங்கன்னு நெனச்சே?"

அப்புறம் நடந்தபோது பத்தடி இடைவெளி ஐந்தடியாகியிருந்தது.

"உஸ்!" மாகாளி கையை உயர்த்தினாள். முன்னால் மூங்கில் முறியும் சத்தம். "பாறைக்குப் பின்னால! மூச்சு விடாதீங்க!"

மூன்று பேரும் பாறையோடு ஒட்டிக்கொண்டார்கள். இருபதடி தூரத்தில் ஒற்றை யானை! கூட்டம் இல்லை, ஜோடி இல்லை. காதை ஆட்டிக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல், பாதையைக் கடந்து போனது. அதன் முதுகு மரங்களுக்குள் மறையும்வரை கோகிலவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பயத்தைவிட அதன்மேல் என்னவோ ஒரு பரிதாபம் வந்தது அவளுக்கு.

யானை போன பிறகு பாறை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். நாச்சிமுத்து மெல்லக் கேட்டார்: "அந்தக் காசை ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

"கழட்ட மாட்டேன். இப்பிடியே பாத்துக்குங்க."

மாகாளி காசைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் ஒரு ராஜாவின் தலை. கன்னத்தில் உளியால் குறுக்கே ஒரு வெட்டு.

"இவன் திபேரியஸ் ராஜா" என்றார் நாச்சிமுத்து. கடைக்காரர் குரல் வந்துவிட்டது. "ராஜா மட்டுமில்ல, அந்த ஊருக்கே தலைமைப் பூசாரி. பொம்பளைப் பக்கம் சுத்தி இருக்கற எழுத்து அதைத்தான் சொல்லுது. உக்காந்திருக்கறது சமாதான தேவதைங்கறாங்க. ராஜாவோட அம்மாவையே தேவதையா அடிச்சுட்டாங்கன்னும் சொல்றாங்க."

"ராஜாவோட அம்மாவோ, சித்தியோ. எங்களுக்கு ஆத்தா."

"பூசாரின்னு சொல்றேன், அவரு மூஞ்சிய ஏனுங் வெட்டி வெச்சிருக்கீங்க?"

"எங்க ஆத்தா கோயிலுக்கு வெளியூர்ப் பூசாரி எதுக்குங்? எங்க பெரியவங்க ஒரு வெட்டு வெட்டித்தான் கழுத்துல போட விட்டாங்க."

கோகிலவாணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டாள்: "எங்கண்ணன் உங்க பட்டிக்கு வந்தானா, அக்கா?"

"வந்தாரு, அம்மிணி. என்ற மாமனாரு இருந்தாரு அப்ப. காசைக் கேட்டாரு. கழட்டித் தர மாட்டோமின்னுட்டம். அப்ப பையிலருந்து துணி சோப்பை எடுத்து, இப்பிடி வெச்சு அமுத்தி அச்சு எடுத்துக்கிட்டாரு. வழி கேட்டாரு. பொளந்த பாறைக்கிட்ட ரெண்டு தடம் பிரியும், ஆத்தா பாக்கற பக்கம் போங்கன்னு மாமனாரு சொன்னாரு."

"வலது, இடதுன்னு சொல்லலையா?"

மாகாளி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதைச் சொல்லக் கூடாது, அம்மிணி. ஆத்தா தடத்துல சோத்தாங்கைன்னு சொன்னா அடுத்து இன்னொரு கைப் பேரும் வாயில வந்துருமில்ல? அது கழுவற கை. அதனால ரெண்டையுமே சொல்ல மாட்டம். காசை எடுத்துப் பாப்போம். ஆத்தா எங்க பாக்கறாளோ, அங்க போவோம்."

பத்தரை மணிக்குப் பிளந்தபாறை வந்தது. யாரோ கத்தியால் வெட்டிய மாதிரி இரண்டாகப் பிளந்து நிற்கிற பெரிய கரும்பாறை. அதன் இரண்டு பக்கமும் இரண்டு தடம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே மண், ஒரே உண்ணிச்செடிப் புதர். எது கோயிலுக்குப் போகிற தடம் என்று ஒரு அடையாளமும் இல்லை.

நாச்சிமுத்து இடுப்பிலிருந்து ஒரு பொடிடப்பாவை எடுத்தார். உள்ளே காய்ந்து மஞ்சளாகிப் போன ஒரு சோப்புத்துண்டு. "மருதன் ரெண்டு அச்சு எடுத்தான். ஒண்ணை என்கிட்டக் குடுத்தான்" என்றார். ஒன்பது வருஷமாக இதை அவர் யாரிடமும் காட்டியதில்லை. சோப்பைப் பாறைக்கு நேராகப் பிடித்தார். "இதோ! ஆத்தா இந்தப் பக்கம் பாக்கறா!"

அவர் கை இடது தடத்தைக் காட்டியது.

"என்னங் சொல்றீங்க?" மாகாளி தன் காசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆத்தா அக்கட்டால்ல பாக்கறா!"

அவள் கை வலது தடத்தைக் காட்டியது.

"அச்சு தப்பாகுமா? உங்க காசுல பாத்து எடுத்ததுதானே?"

"என்ற கழுத்துல இருக்கறது தப்பாகுமா?"

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி சோப்பை வாங்கினாள். மாகாளியின் கழுத்துக் கயிற்றை மெல்ல இழுத்து, காசைச் சோப்பிலிருந்த குழிக்குள் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. எடுத்தாள். காசில் ஆத்தா வலது பக்கம் பார்த்தாள். சோப்பில் இடது பக்கம் பார்த்தாள்.

"அண்ணா..." ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவள் நாச்சிமுத்துவை அண்ணா என்று கூப்பிட்டாள். "அச்சுன்னா திருப்பித்தானே விழும்?"

நாச்சிமுத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "இருபது வருசமா சோப்புலயும் அரக்குலயும் அச்சு எடுக்கறவன் நான். எழுத்தைப் படிக்கணும்னா கண்ணாடியில காட்டிப் படிப்போம். ராஜா தலைன்னா திருப்பித்தான் யோசிப்போம். ஆனா ராஜா பக்கந்தான் எங்களுக்குக் காசு. சாமி இருக்கற பக்கத்தைப் பின்பக்கம்னே சொல்லுவோம். எந்தக் கடைக்காரனும் அவ எந்தப் பக்கம் பாக்கறான்னு பாத்ததில்ல. மருதனும் பாக்கல..."

பட்டிக்காரர்களுக்கு ராஜா வேண்டாம். கடைக்காரர்களுக்கு ஆத்தா வேண்டாம். நடுவில் ஒரு சோப்புத்துண்டை நம்பி ஒரு மனுஷன் போய்விட்டான்.

இடது தடத்தில் என்ன இருக்கிறது என்று கோகிலவாணி கேட்டாள். மாகாளி முதலில் சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள்: "புல்லுச்சரிவு. ஆளுயரப் புல்லு. அடியில பாறை வெடிப்பு வெடிப்பா இருக்கும், மேல தெரியாது. மாடு போனாக்கூட நாங்க பின்னால போக மாட்டம்."

"நான் போறேன்."

"அம்மிணி, பனி ஏறுது பாருங்க! மத்தியானத்துக்குள்ள மூடிரும்!"

"அதுக்கு முன்னால போயிட்டு வந்தர்றேன்." அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். "நீங்க குகைக்குப் போங்கண்ணா. நீங்க தேடி வந்தது அந்தப் பக்கந்தானே இருக்குது. நான் தேடி வந்தது இந்தப் பக்கம்."

நாச்சிமுத்து எழுந்து வலது தடத்தில் நடந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். போய்விட்டார்.

மாகாளி தன் மூங்கில் தடியையும் கயிற்றையும் கொடுத்தாள். "நான் இந்தப் பாறை மேலயே நிக்கறேன். மாட்டைக் கூப்பிடற மாதிரி அப்பப்பக் குரல் குடுப்பேன். என்ற குரல் கேக்கற வரைக்கும்தான் போகோணும். கேக்கலீன்னா நின்னுருங்க, அம்மிணி. ஆத்தா மேல சத்தியமா நின்னுருங்க!"

கோகிலவாணி நடந்தாள். புல் தோளுக்கு மேலே வளர்ந்து இரண்டு பக்கமும் உரசியது. ஒவ்வொரு அடிக்கும் தடியை முன்னால் ஊன்றிப் பார்த்தாள். கல், மண், கல். ஒருதடவை தடியோடு கையும் 'சடக்'கென்று முழங்கை வரைக்கும் உள்ளே போனது! பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். புல்லை விலக்கிப் பார்த்தால் கறுப்பாக ஒரு வெடிப்பு, அடி தெரியவில்லை. சுற்றிக்கொண்டு போனாள்.

பனி வந்துவிட்டது. முதலில் எதிர்மலை மறைந்தது. பிறகு சரிவு. பிறகு நாலடிக்கு அப்பால் எதுவுமே இல்லை. வெள்ளை, வெறும் வெள்ளை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு இது புதுசாகத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம், இன்றைக்குத்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது என்று தோன்றியது.

"ஓ... ஹோ... ஹோய்..." தூரத்தில் மாகாளியின் குரல்.

"இருக்கேன், அக்கா!" என்று கத்திவிட்டு நகர்ந்தாள். ஒரு உண்ணிச்செடிக் கிளை முகத்தில் அடித்தது. தள்ளிவிடப் போனவள் கையில் என்னவோ சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது.

நீல நைலான் கயிறு! ஒரு சாண் நீளம். கிளையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கிளை பருத்து, முடிச்சு மரத்துக்குள் புதைந்திருந்தது.

காட்டில் யார் முடிச்சுப் போட்டது? அவள் சுற்றிலும் கையால் துழாவினாள். பதினைந்து அடி தள்ளி இன்னொரு முடிச்சு! அப்புறம் ஒரு குட்டை மரத்தில், அதே உயரத்தில், இன்னொன்று! எல்லாம் பின்னால் வருகிறவன் கண்ணில் படுகிற மாதிரி பாதைப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தது. சில முடிச்சுகளில் நீலம் வெளுத்து வெள்ளையாகியிருந்தது.

புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் எவனாவது பின்னால் வருகிறவனுக்கு வழி கட்டிக்கொண்டு போவானா? காய்ச்சல்காரனுக்கு மறுநாள் வழி தவறக் கூடாது என்று முதல்நாளே வந்து, முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று போனவன் அவன்!

ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுத் தொட்டு நடந்தாள். பதினொன்றாவது முடிச்சு ஒரு ஒற்றை நெல்லிமரத்தில் இருந்தது. பன்னிரண்டாவது இல்லை. தடியை ஊன்றினாள். தடி காற்றில் போனது.

வயிற்றோடு படுத்து, புல்லை விலக்கி எட்டிப் பார்த்தாள். இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு பாறைத்திட்டு. அதில் மட்கிப்போன ரெக்சின் பை. ஒரு செருப்பு. அவிழ்ந்து கிடந்த நீலக் கயிற்றுச் சுருள். அதற்குப் பக்கத்தில்...

மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணா, நான் வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ! பின்னால் புல் சலசலத்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள். பனிக்குள்ளிருந்து நாச்சிமுத்து வந்தார். குகைக்குப் போனவர்! முகமெல்லாம் புல் கீறியிருந்தது. ஒரு கை நெல்லிமரத்து முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"போகலையா நீங்க?"

"போனேன். குகை வாய் வரைக்கும் போனேன். உள்ள என்னமோ மினுக்குனுச்சு. 'டேய் மருதா, பாருடா!'ன்னு வாய் விட்டுக் கூப்பிட்டுட்டேன், கோகிலா. யாரு இருக்கா அங்க? காட்டறதுக்கு ஆளில்லாம நான் எதைப் பாக்கறது? திரும்பிட்டேன்." அவர் முடிச்சை விடவில்லை. "வழியெல்லாம் இருக்குது. இது அவன் கட்டு. எனக்காகக் கட்டியிருக்கான். நான் ஊர் பூரா அவனை..."

கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழறதுக்கு நேரமில்லண்ணா. மணி ஒண்ணாச்சு. இந்தக் கயித்தை மரத்துல கட்டிப் பிடிங்க. நான் எறங்கறேன்."

"நான் எறங்கறேன்!"

"உங்களை மேல தூக்க என்னால ஆகாது. காலையில காலரைப் பிடிச்சதே போதும்!"

கயிறு நெல்லிமரத்தைச் சுற்றி நாச்சிமுத்துவின் இடுப்புக்கு வந்தது. கோகிலவாணி பாறை விளிம்பில் கால் வைத்தாள். ஒரு கல் பெயர்ந்து விழுந்து, கீழே, இன்னும் கீழே, ரொம்ப நேரம் கழித்துச் சத்தம் கேட்டது! "விட்டுராதீங்க!" "விட மாட்டேன்! இனி விடவே மாட்டேன்!" கயிறு நாச்சிமுத்துவின் உள்ளங்கையை அறுத்தது. மெல்ல மெல்ல இறங்கித் திட்டில் கால் ஊன்றினாள்.

ஒரு பெரிய கல்லுக்கு அடியில் கால் எலும்பு மாட்டியிருந்தது. அந்தக் கல்லைத் தள்ளப் பார்த்த தடம் பாறையில் கீறலாக இருந்தது. அவள் அதை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் துண்டை எடுத்து மேலே போர்த்தினாள். வேறு எதையும் கலைக்கவில்லை. பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, "இழுங்கண்ணா!" என்றாள்.

மாகாளியின் குரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பனிக்குள் திரும்பி வந்தார்கள். இந்தமுறை நடுவில் இடைவெளியே இல்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்திருந்தார்கள். பாறைமேல் நின்ற மாகாளிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பையைப் பார்த்தாள்.

மறுநாள் போலீஸும் வனத்துறை ஆட்களும் பட்டி ஆண்கள் நாலு பேரும் ஏறினார்கள். பைக்குள் பிளாஸ்டிக் கவரில் அவன் ஓட்டுநர் உரிமம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. மருதாசலத்தை மூங்கில் தட்டியில் வைத்துப் பிளந்தபாறைக்குக் கொண்டுவந்தபோது மாகாளி எல்லோரையும் நிறுத்தினாள்.

"ஆத்தாளைப் பாக்க வந்த மனுசன். பாக்காம எறக்கக் கூடாது. வாங்க."

வலது தடத்தில் பத்தே நிமிஷம். அவ்வளவுதான் தூரம்!

குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மாகாளி விளக்கேற்றினாள். சுவர் முழுக்கக் காசு! மரப்பிசினில் வரிசை வரிசையாகப் பதித்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான ஆத்தாக்கள், எல்லோரும் கோலும் இலைக்கொத்துமாக ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜாக்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் ஓரத்தில் வேறு காசுகள். கேடயமும் ஈட்டியும் வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் ஜோடியாக நின்றார்கள்.

"இவங்க காவக்காரங்க. அதான் வாசல்ல வெச்சிருக்கோம்" என்று கிசுகிசுத்தாள் மாகாளி.

"திபேரியஸுக்கு முந்தின ராஜாவோட பேரனுங்க" என்றார் நாச்சிமுத்து மெதுவாக. "மேல பாருங்க, ஒரு கரண்டி, ஒரு வளைஞ்ச கோலு. அங்கத்துப் பூசாரிங்க சாமான் அது."

"கரண்டி பொங்கல் வெக்க. கோலு மாடு மேய்க்க. இதுகூடத் தெரியாதுங்களா?"

விளக்கின் பக்கத்தில் பதித்திருந்த காசுகளில் நெருப்பு எரிகிற ஒரு மேடையும், முக்காடு போட்ட ஒரு பெண் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பதும் இருந்தன. எந்த ஊரில் யாருக்கு அடித்த சாமிகளோ! கடல் தாண்டி வந்து, கணவாயில் மாடு ஓட்டுகிறவர்கள் கையில் கிடைத்து, ஒவ்வொன்றும் தனக்குப் பொருத்தமான வேலையில் உட்கார்ந்துவிட்டது. நாச்சிமுத்து ஒன்றையும் தொடவில்லை. இருபது வருஷம் ராஜா தலையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவர், அன்றைக்குக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுமனே ஆத்தாக்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் மாகாளி நேராகப் பிளந்தபாறைமேல் ஏறினாள். பட்டி ஆட்கள் ஏதோ புரிந்துகொண்டு, "வேண்டாம், மாகாளி!" என்றார்கள். அவள் கேட்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"சோத்தாங்கைப் பக்கம்! ஆத்தா பாக்கறது சோத்தாங்கைப் பக்கம்!"

எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. ஆத்தா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டி ஆட்களே இடது தடத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மருதாசலம் வீடு வந்து சேர்ந்தான். நாச்சிமுத்து சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார். "மருதன் ஓடல. எனக்கு வழி கட்டிக் குடுக்கப் போய்த்தான் செத்தான். தப்பாச் சொன்னவன் நான்" என்று தராசுக்காரரிடம், டீக்கடையில், லாரி டிரைவர்களிடம் எல்லாம் சொன்னார். ஒருத்தர் சமாதானமாக, "விடுங்க, யாருக்குங் தெரியும்?" என்றார்.

"தெரியாதில்ல? தெரியாதுன்னு சொல்லியிருக்கோணும். ஒரு ஆளு வரலீன்னா, ஓடிட்டான்னு சொல்றதுக்கு முன்னால போய்த் தேடியிருக்கோணும். ஒரு நாள் நடைதான். ஒம்பது வருசம் ஆச்சு எனக்கு."

காணாமல் போனவனுக்கு அழ முடியாது. அழுதால் செத்துவிட்டான் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் கோகிலவாணி இத்தனை வருஷமும் அழுததில்லை. இப்போது வீட்டு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சத்தம் தெருவுக்குக் கேட்டது. முதலில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். அப்புறம் அடுத்த வீடு. மில்லிலிருந்து ஏழெட்டுப் பேர். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டுக் கட்டிக்கொண்டார்கள். அவள் யார் கையையும் விலக்கவில்லை.

வாசலில், கூடப் பிறந்தவன் நிற்க வேண்டிய இடத்தில், நாச்சிமுத்து வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தார். துக்கத்துக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் கேட்கும் வழக்கப்படி கை நீட்ட, அவர் கயிறு அறுத்த இரண்டு உள்ளங்கைகளாலும் அதை வாங்கிக்கொண்டிருந்தார்.